பெயர் தெரியாதவனுக்குத் திதி

மட்டாஞ்சேரி
9 டிசம்பர் 2023

ஸாதனாவுக்கு,

கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதே. நான் சாகவில்லை. சாகாததால்தான் எழுதுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். இதயம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை கையை நடுங்க வைக்கும் என்று நீயேதான் சொன்னாய். முப்பது வருஷம் மட்டாஞ்சேரி தபாலாபீஸில் ஊரார் கிறுக்கலை எல்லாம் படித்து விலாசம் கண்டுபிடித்தவன் நான். இப்போது என் கிறுக்கலைப் படிக்க ஒரு ஆள் வேண்டும்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ எனக்குத் தங்கை இல்லை, டாக்டர். பி.பி. எத்தனை, ஜுரம் உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, அவ்வளவுதான், வைத்துவிடுகிறாய். சென்னையில் உன்னிடம் வரும் இதய நோயாளிகள் வரிசையில் என்னையும் நிறுத்தாதே. எனக்கு எர்ணாகுளத்தில் டாக்டர் ராமபத்ரன் இருக்கிறார், அவர் போதும். என்னோடு பேச வேண்டுமென்றால் நீ எழுது. போனை நான் எடுக்கப்போவதில்லை.

நன்றாகத்தான் இருக்கிறேன். ஓணத்துக்கு முன்பு பல் தேய்க்கவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், இப்போது பஜார் ரோடு முனை வரை நடக்கிறேன். காமாக்ஷி பின்னாலேயே வருகிறாள். சுக்கு மண்டிப் பக்கம் திரும்ப விடமாட்டேன் என்கிறாள், தூசி ஆகாதாம். மூக்கில் முகமூடி, பின்னால் பெண்டாட்டி. கைதி மாதிரிதான் நடை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதயம் கொடுத்துவிட்டுப் போனவன் யார் என்று தெரிய வேண்டும். மூளைச்சாவு அடைந்த அதே ஆளின் நுரையீரல் விமானத்தில் சென்னை போயிற்று என்று பேப்பரில் வந்தது. போனது உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான். குடும்பத்தார் விவரம் வெளியிட விரும்பவில்லை என்றும் போட்டிருந்தான். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் பறந்த ஏதோ ஒரு பையனாகத்தான் இருக்கும். வேறு யார் சாகிறார்கள் இந்த ஊர் ரோட்டில்? கல்யாணம்கூட ஆகியிருக்காது. பிள்ளை இல்லாமல் போனவனுக்கு யார் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள்? அவன் போன திதி எனக்குத் தெரியும், வளர்பிறை துவாதசி. பெயரும் கோத்திரமும் மட்டும் வேண்டும். உனக்குத் தெரியாமல் இருக்காது.

அண்ணா
கோவிந்த்


சென்னை
18 டிசம்பர் 2023

அண்ணா,

தெரியும். சொல்லமாட்டேன்.

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உன்னிடம் எனக்குப் பொய் வராது. வாங்கியவருக்குக் கொடுத்தவரையும், கொடுத்தவர் வீட்டாருக்கு வாங்கியவரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. விதி என்றால் உனக்குச் சிரிப்பு வரும். இதைக் கேள். இங்கே ஒருவர் எப்படியோ துப்புத் துலக்கிக் கொடுத்தவரின் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மாள் வாராவாரம் வந்து அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போவாள். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். மூன்றாம் வருஷம் அந்த இதயமும் நின்றது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பிள்ளைக்கு இரண்டாவது தடவை அழுதாள். அவளைத் தூக்கி உட்காரவைத்தது நான். உனக்குப் பெயர் கிடைக்காது.

காரியம் செய்தே ஆக வேண்டுமென்று தோன்றினால் செய்யேன், யார் வேண்டாம் என்றார்கள்? விலாசம் இல்லாத தபாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உனக்குப் புதிதா?

காலை எட்டு, ராத்திரி எட்டு. மாத்திரை நேரம் தவறக் கூடாது. மன்னி தோட்டத்துக் கம்பிளிநாரங்காயை, அந்தப் பம்பளிமாஸை, உரித்துக் கொடுத்தால் தொடாதே, அது மருந்தின் அளவை ஏற்றிவிடும். சரி, டாக்டர் போய்விட்டாள்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
2 பிப்ரவரி 2024

ஸாதனாவுக்கு,

உன் ஆஸ்பத்திரி ரகசியத்தை நீயே வைத்துக்கொள். எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தில் எழுதினால் கை இன்னும் நடுங்குகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

வெங்கிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டேன். அப்பா காரியம் பண்ணிவைத்தவர்தான். விஷயத்தைக் கேட்டு அரை நாழிகை தாடையைச் சொறிந்தார்.

"ஓய் கோவிந்த், ஹ்ருதயம் நின்னாத்தானே மரணம்? அவனோட ஹ்ருதயம் உம்ம நெஞ்சிலே ஜோரா ஓடிண்டிருக்கு. எள்ளும் ஜலமும் விட்டா அது எங்கேயாக்கும் போறது?"

"மூளை செத்தா ஆள் செத்தான்னு என் தங்கை சொல்றாள். அவ சென்னையிலே பெரிய டாக்டராக்கும்."

"டாக்டர் சொன்னா ஷரி. நான் தர்க்கத்துக்கு இல்லை. கோத்ரம்?"

"தெரியாது."

"அப்போ காச்யபம். கோத்ரம் தெரியாதவா எல்லாரும் காச்யபர் குழந்தைகளாக்கும்."

உறவில்லாதவர்களுக்கும் நன்றிக்காகச் செய்ய வழி இருக்கிறதாம். காருண்ய பித்ரு என்று பெயர். போன துவாதசியன்று ஆரம்பித்துவிட்டேன். மாதா மாதம் செய்வேன். ஒரு குறையும் வைப்பதாக இல்லை.

இந்த இதயம் விசித்திரமாக இருக்கிறது, கேட்டாயா? மாடி ஏறும்போது சும்மா இருக்கிறது. ஏறி முடித்து உட்கார்ந்த பிறகுதான் வேகமாக அடிக்கிறது. மழைக்காலத்துத் தபால் வண்டி மாதிரி எல்லாம் தாமதம். உன் கவர் வந்தபோது நெஞ்சு படபடக்கும் என்று பார்த்தேன். படபடக்கவில்லை. கவரைப் பிரித்துப் படித்து மடித்த பிறகு அடித்துக்கொண்டது.

கோவிந்த்


சென்னை
20 மார்ச் 2024

அண்ணா,

வெங்கிட்டு வாத்தியார் இன்னும் இருக்கிறாரா! அவரிடம் தர்க்கத்துக்கு நானும் இல்லை என்று சொல்.

இதயத்துக்குப் போகும் நரம்புகளை அறுத்துத்தான் எடுப்போம். திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் அதற்குச் செய்தி தாமதமாகப் போகிறது. அதனிடமிருந்து உனக்கும் செய்தி வராது, அதை நினைவில் வை. அதற்கு ஒன்று என்றால் உனக்கு வலிக்காது. மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ வலி வரட்டும் என்று காத்திருக்காதே.

ராமபத்ரன் உன் ரிப்போர்ட்டை அனுப்பினார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் எடுக்கும் ரத்தத்தில் மருந்தின் அளவு கோடு போட்ட மாதிரி இருக்கிறது. என்னிடம் படிக்கும் டாக்டர்களுக்கு உன் தாளைக் காட்டி, 'நோயாளி என்றால் இவரைப் போல இருக்க வேண்டும்' என்றேன். என் அண்ணா என்று சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

இங்கே இந்த வாரம் நன்றாக இல்லை. இதயத்துக்காகக் காத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். கிடைத்துவிட்டது என்று அவள் அப்பாவுக்குப் போன் செய்தது நான். எடுக்கப் போன சர்ஜன் நெஞ்சைத் திறந்து ரத்தக் குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ஆகாது என்றார். இரண்டாவது போனையும் நானே செய்தேன். நேற்று அவள் போய்விட்டாள். உனக்குக் கிடைத்தது எத்தனை பெரிய விஷயம் என்று இன்றைக்கு எழுதத் தோன்றியது, வேறொன்றுமில்லை.

ஸாதனா


மட்டாஞ்சேரி
6 ஆகஸ்ட் 2024

ஸாதனாவுக்கு,

ஆடி அமாவாசை, கர்க்கடக வாவு அன்று ஆலுவா ஆற்று மணப்புறத்துக்குப் போய் வந்தேன். ஆற்றில் இறங்காதே என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. இறங்கவில்லை. மழையில் பெரியாறு செம்மண் குழம்பாக ஓடிற்று. கரையில் நின்று சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டேன். ஊர்ப்பட்ட ஜனம். ஆளாளுக்கு அப்பன், பாட்டன் பெயர் சொல்லிப் பலி போடுகிறார்கள். என் முறை வந்தபோது நம்பூதிரி, "பேர்?" என்றார். அறியில்லா என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். சட்டை போடாத உடம்பில் நடுநெஞ்சுத் தழும்பு தெரிந்தது. பிறகு கேட்கவில்லை.

நீ நம்பமாட்டாய், அப்பா திவசத்துக்குக்கூட நான் இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. தபாலாபீஸ் நாளில் திவசத்தன்று காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் வருவேன். இவனுக்கு அப்படி இல்லை. முதல் நாள் ஒரு பொழுது. அன்றைக்குக் காரியம் முடிந்து இலை போடும் வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. காமாக்ஷி காலை மாத்திரையை எடுத்து எவர்சில்வர் மூடியில் பத்திரமாக வைத்துவிடுவாள். எல்லாம் முடிய இரண்டு, மூன்று மணி ஆகும். அதற்கப்புறம் காலைப் பங்கு எதற்கு? ராத்திரியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாயிற்று. ஏழு மாதமாக ஒரு துவாதசி தவறவில்லை. இந்த வாவும் சேர்த்தி.

ஆலுவாவில் படி ஏறியபோது கொஞ்சம் மூச்சு வாங்கிற்று. கூட்டத்தில் யாருக்கும் வாங்கும். வலி ஒன்றும் இல்லை.

கோவிந்த்


மட்டாஞ்சேரி
4 செப்டம்பர் 2024

ஸாதனா,

நீ என் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாளே விமானம் ஏறி வந்தாய். என்னை இழுத்துக்கொண்டு போய் எர்ணாகுளத்தில் படுக்கவைத்தாய். ராமபத்ரன் கழுத்து வழியாகக் கம்பி விட்டு இதயத்திலிருந்து அரிசி மணி அளவு சதை எடுத்துப் பார்த்தார். என் ரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்ப விட்டார்கள். அதெல்லாம் சரி. உன் கடமை, செய்தாய்.

காமாக்ஷியை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கவைத்து நர்ஸுகளுக்கு முன்னால், "மாத்திரையை மூடியில் எடுத்துவைக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று கேட்டாயே, அது சரியில்லை. அவள் உன்னிடம் பதில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். "கல்யாணமாகி வந்த வருஷம் உங்காத்து திவசத்தன்னிக்குத் தாகம் தாங்காம ஒரு வாய் காப்பி குடிச்சேன். மன்னி தீட்டுப் பண்ணிட்டாள்னு ஓடிப்போய் அம்மாகிட்டே சொன்னது யாராக்கும்? உங்க தங்கைதான். அன்னிக்குக் கத்துண்டது."

உனக்கு அப்போது பத்து வயது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. காரியம் செய் என்று நீ எழுதியபோது, இந்த வீட்டில் காரியம் என்றால் வாயில் தண்ணீர் படாது என்று உனக்கும் தெரியும். எட்டு மணி மாத்திரையும் உனக்குத்தான் தெரியும். உனக்கே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கு எப்படித் தோன்றும்?

வாத்தியார் பார்க்க வந்து வாசலிலேயே நின்று அழுதார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா கோவிந்த்? ஔஷதத்துக்கு தோஷம் இல்லைன்னு சாஸ்திரமே சொல்றதே" என்றார். நான் கேட்கவில்லை. குறை வைக்கக் கூடாது என்று இருந்தேன்.

கொஞ்ச நாள் இங்கே வராதே.

கோவிந்த்


சென்னை
15 செப்டம்பர் 2024

அண்ணா,

மன்னியிடம் இதைப் படித்துக் காட்டு. மன்னி, நான் பேசியது தப்பு. உன்னிடம் கத்தியது உன்மேல் கோபத்தினால் இல்லை. கத்துவதற்கு அங்கே வேறு யாரும் கைக்குக் கிடைக்கவில்லை.

அண்ணா, நடந்தது என்ன என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். உன் உடம்புக்கு அந்த இதயம் அன்னியம். எப்போது பார்த்தாலும் விரட்டத்தான் பார்க்கும். மாத்திரை உடம்பின் கண்ணைக் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு பன்னிரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஒரு வேளை விட்டால் கட்டு அவிழ்கிறது. ராத்திரி இரண்டு பங்கு போட்டால் திரும்பக் கட்டலாம், ஆனால் நடுவில் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியாது. ஒவ்வொரு துவாதசியும் அது கொஞ்சம் பார்த்துவிட்டது. இப்போது அந்த இதயத்தை அடையாளம் தெரிந்துகொண்டு ரத்தத்தில் ஆட்களைத் தயார் செய்துவைத்திருக்கிறது. கழுவினோம். மறுபடி ஊறும்.

முதல் வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள், நீ விரதமிருந்தது அடுத்த வாரங்களில். அதனால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. உன் தாளைக் காட்டிப் பெருமை அடித்தேனே, அதை நினைத்தால் அந்த வகுப்புக்குள் போகவே கூசுகிறது.

இன்று ஓணம். போன வருஷம் இதே நேரம் நீ கண் விழித்து என்னைப் பார்த்து, "சாயா கிட்டுமோ?" என்றாய். வராதே என்றால் வரவில்லை.

ஸாதனா


மட்டாஞ்சேரி
19 ஜனவரி 2025

ஸாதனாவுக்கு,

நாலு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். எழுத நல்லதாக எதுவும் வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை.

ராமபத்ரன் ஆஞ்சியோ எடுத்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் நுனியிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகின்றனவாம். ஒரு இடத்தில் என்றால் கம்பி வைக்கலாம், நெடுக என்றால் எங்கே வைப்பது என்று கேட்டார். நல்ல மனுஷன், கண்ணைப் பார்த்துச் சொன்னார். "கோவிந்த் சேட்டா, எனிக்கினி மருந்து மாத்திரமே உள்ளூ" என்றார், இனி அவர் கையில் மருந்து மட்டும்தானாம். கிட்னியும் பாதிதான் வேலை செய்கிறதாம்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். காமாக்ஷி பாட்டிலில் அளந்து வைக்கிறாள். மாடியை விட்டுக் கீழே வந்துவிட்டேன். மூன்று தலையணை வைத்துத்தான் தூக்கம். ஆனால் வலி இல்லை, அதுதான் ஆச்சரியம். அது பாட்டுக்கு உள்ளே வாய் திறக்காமல் செத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை நல்ல பையன் பார்.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். இன்னொரு இதயம் கிடைக்குமா? ராமபத்ரனைக் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார்.

கோவிந்த்


சென்னை
3 பிப்ரவரி 2025

அண்ணா,

கிடைக்காது.

இந்த ஒரு வார்த்தையோடு கடிதத்தை மூடி ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்தேன்.

வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடக்கும். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், கிட்னி டாக்டர், மனநல டாக்டர், நான். இதயம் கேட்டு வருகிறவர்களில் யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்று பேசுவோம். போன வாரம் உன் ரிப்போர்ட்டைப் பெயர் இல்லாமல் அவர்கள் முன் வைத்தேன். ஐம்பத்தாறு வயது, முதல் இதயம் பழுது, கிட்னி பாதி, வருகிற எந்த இதயத்தையும் எதிர்க்கிற ரத்தம். இருந்தவர்களிலேயே சின்னவன் சொன்னான், "மேடம், இவர் மாத்திரையே ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இவருக்கு இன்னொன்று கொடுத்தால் அது வரிசையில் நிற்கும் வேறொருவரின் உயிர் இல்லையா?"

அப்படிப் பேச அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் அப்பா முகம் எனக்கு மறக்கவில்லை. வேறு யாருடைய அண்ணாவாக இருந்திருந்தாலும் வேண்டாம் என்று நானும் கையைத் தூக்கியிருப்பேன். உன் தாள் என்று தெரிந்தும் தூக்கினேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு வருஷம் இதே வேலை, என் அண்ணாவுக்கு ஒரு பிரயோஜனம் இல்லை.

நான் வரட்டுமா?

ஸாதனா


மட்டாஞ்சேரி
27 பிப்ரவரி 2025

ஸாதனாவுக்கு,

கையைத் தூக்கினது சரி. அழாதே. அடுத்தவனுக்கு உரியதைப் பிடுங்கிக்கொண்டு நான் எத்தனை நாள் இருந்துவிடப் போகிறேன்? ஒருவனுடையதை வாங்கி வீணடித்தது போதும்.

என்னை அரிப்பது வேறு. எனக்குக் கொள்ளி வைக்கச் சித்தப்பா பேரன் இருக்கிறான். திவசம் செய்கிறானோ இல்லையோ, ஆள் இருக்கிறான். இந்தப் பையனுக்கு நான் ஒருவன்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டே இப்போதும் துவாதசிக்குத் துவாதசி எள்ளும் தண்ணீரும் விடுகிறேன், வாத்தியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்கிறார். நான் போனால் அவனுக்கு யார்? அவன் இதயமும் என்னோடு சாம்பலாகும். அதோடு அவன் முழுசாகப் போய்விடுவான், பெயர் சொல்ல ஆளில்லாமல்.

பெயர் வேண்டாம். உன் விதி உன்னோடு இருக்கட்டும். அவனுக்கு ஆள் இருக்கிறதா என்று மட்டும் சொல். தெரிந்தால் நிம்மதியாகப் போவேன்.

நேற்று சிவராத்திரி. ஆலுவாவுக்குப் போக வேண்டுமென்று இருந்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைதான் போக முடிந்தது.

கோவிந்த்


சென்னை
8 மார்ச் 2025

அண்ணா,

அவன் இல்லை. அவள்.

முதல் கடிதத்திலிருந்து நீ பையன், பையன் என்று எழுதிக்கொண்டே இருந்தாய். திருத்தினால் அடுத்த கேள்வி கேட்பாய் என்று விட்டுவிட்டேன். பைக்கும் இல்லை. சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்குக் கணவர் இருக்கிறார், அவர்தான் கையெழுத்துப் போட்டார். அம்மா இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளுக்காகக் கையேந்த ஆள் குறைவில்லை, அண்ணா. ஒரு நாளைக்கு ஐந்து வேளை கையேந்துகிற வீடு. எள்ளும் தண்ணீரும் விடுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. திதி இல்லை, கோத்திரம் இல்லை. இப்போது நோன்பு இருந்துகொண்டிருப்பார்கள். உடம்பு முடியாதவர்களுக்கு அந்த நோன்பிலிருந்து விலக்கு உண்டு.

இதற்கு மேல் சொல்லமாட்டேன். இவ்வளவு சொன்னதே தப்பு. இதை இத்தனை நாள் சொல்லாததும் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு 'நம் வழக்கம் இல்லாத வீடு' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நீ வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கமாட்டாய். பட்டினி கிடந்திருக்கமாட்டாய். நான் விதியைக் காப்பாற்றினேன். ராத்திரி படுத்தால் அந்த ஒரு வரியைத்தான் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். திட்டி எழுது.

ஸாதனா


மட்டாஞ்சேரி
21 மார்ச் 2025

ஸாதனா,

கடைசி இரண்டு பாரா காமாக்ஷியின் கையெழுத்து. எனக்குப் பேனா நிற்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். வாத்தியாரை வைத்து அந்தப் பெண்ணுக்குக் காச்யப கோத்திரம் கொடுத்து, அவளை ஆம்பிளையாக்கி, பதிமூன்று மாதம் எள்ளுத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன். மேலே உட்கார்ந்து, 'யார் இந்த ஆள், எனக்கு இதெல்லாம் எதற்கு அனுப்புகிறான்' என்று கேட்டிருப்பாள். விலாசம் தப்பான தபால். அனுப்பியவனுக்கே திரும்பி வந்துவிட்டது.

நீ எழுதாத அந்த வரியைப் பற்றிச் சொல்கிறேன். எழுதியிருந்தாலும் நான் ஏதாவது ஒரு வகையில் பட்டினி கிடந்திருப்பேன் என்று உனக்கு ஆறுதல் சொல்லலாம். உண்மையா என்று எனக்கே தெரியாது. உன்மேல் கோபம் இல்லை. கோபப்பட இந்த நெஞ்சில் பலம் இல்லை.

அழுகை வந்தது குழந்தை என்று படித்தபோதுதான். அந்தக் குழந்தையின் அம்மாவுடையதை வாங்கிக்கொண்டு, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அதையும் கொன்றுவிட்டேனே, ஸாதனா. அவள் இரண்டாம் தடவை சாவது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது, மறுபடி அழ வேண்டியிருக்காது. அதுவரை உன் விதி நல்ல விதி.

இன்று சாயங்காலம் காமாக்ஷியை அனுப்பிப் பேரீச்சம்பழமும் தண்ணிமத்தன் பழமும் வாங்கச் சொன்னேன். பஜார் ரோட்டுப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர், "ஆர்க்கு வேண்டியா சேச்சி, பேரு பறஞ்ஞால் துஆ செய்யாம்" என்றாராம், பெயர் சொன்னால் பிரார்த்தனை செய்வாராம். இவள், "பேர் தெரியாது, ஒரு பெண்குட்டிக்காக்கும்" என்றிருக்கிறாள். "பேரு படச்சோனு அறியாம்", படைத்தவனுக்குப் பெயர் தெரியும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாராம். எத்தனை சுலபமாக முடிந்துவிட்டது பார். யாரும் பட்டினி கிடக்க வேண்டியிருக்கவில்லை.

நீ வா. சீக்கிரம் வா. டாக்டராக வர வேண்டாம், செய்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை. பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரமாகிவிட்டது, எட்டு மணி ஆகிறது, காமாக்ஷி மாத்திரையையும் இன்றைய பங்கில் மிச்சமிருந்த இரண்டு வாய்த் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறாள். இனிமேல் இதைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று ராமபத்ரன் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை இன்னொரு தடவை பட்டினி போட எனக்கு மனசில்லை.

கோவிந்த்